அத்தியாயம் 7: பிக்கப்பை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

எலக்ட்ரிக் கிட்டாரோடு தொழிற்சாலையிலிருந்து வந்த பிக்கப்பைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது, கிட்டார்காரர்கள் அதிகம் பேசும் மாற்றம்; பணமும் அதிகம் கேட்கும் மாற்றம். ஓசூரில் வாசிப்பவருக்கு இந்த ஆசை சீக்கிரமே வந்துவிடும். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு. நாற்பது கிலோமீட்டருக்குள் பெரிய இசைக்கருவிக் கடைகள், கிட்டார் பழுதுபார்ப்பவர்கள், எஸ்.பி. சாலையின் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் எல்லாம் இருக்கின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து போனாலும் காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடலாம். ஆனால் பெயர்பெற்ற வெளிநாட்டு பிக்கப் ஒரு செட்டின் விலை, தொடக்கநிலைக் கிட்டார் ஒன்றின் விலையைத் தொட்டுவிடும். ஆகவே இந்த அத்தியாயம் ஒரே ஒரு கருத்தை வலியுறுத்துகிறது: பிக்கப் மாற்றம் கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு. உங்கள் ஒலியில் உள்ள குறையை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். அந்தக் குறை பிக்கப்பில்தான் பிறக்கிறது என்று சோதித்து அறிந்திருக்க வேண்டும். செலவு குறைந்த திருத்தங்களைச் செய்த பிறகும் அது நீடிக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் தயக்கமில்லாமல் மாற்றலாம். ஒன்று குறைந்தாலும் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

இந்த ஒழுங்கு இந்தப் பகுதி மக்களுக்குப் புதிதல்ல. ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002-இல் டெமிங் விருது பெற்றது. அந்த விருதுக்குப் பின்னால் இருக்கும் தரக்கட்டுப்பாட்டு முறையின் பாலபாடம், குறையின் வேரைக் கண்டுபிடிக்கும் முன் பாகத்தை மாற்றாதே என்பதுதான். வேரைக் காணாமல் மாற்றினால் பழைய குறை புதிய பாகத்தோடும் வரும். தற்செயலாகச் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. சிப்காட் தொழிற்பேட்டையின் ஏதோ ஒரு பட்டறையில் இதை நாள்தோறும் கடைப்பிடிப்பவர், வீட்டுக்கு வந்து கிட்டாரைக் கையில் எடுத்ததும் மறந்துவிடத் தேவையில்லை. மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், ஸ்டீல் ஸ்கேல் ஆகிய மூன்றும் இந்த வட்டாரத்தில் எளிதில் கிடைப்பவை. இந்த அத்தியாயத்தின் சோதனைகளுக்கு அவற்றோடு ஒரு ஸ்க்ரூடிரைவரும் திசைகாட்டியும் இருந்தால் போதும்.

பிக்கப் தனியாக ஒலிப்பதில்லை

காந்தமும் அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் கட்டிய மெல்லிய செம்புக் கம்பியும் சேர்ந்ததே பிக்கப். உலோகத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது; அந்த மாற்றம் காயிலில் மிகச் சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது அடுத்த கட்டம்: அந்தக் காயிலின் மின்தூண்டலும், ஆம்ப் வரை செல்லும் கேபிளின் மின்தேக்குதிறனும் சேர்ந்து ஒரு ஒத்ததிர்வை உருவாக்குகின்றன. எந்த அதிர்வெண்ணில் ஒலி எடுப்பாக எழுகிறது, அதற்கு மேல் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதை இந்தக் கூட்டுதான் தீர்மானிக்கிறது. ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயிலின் தூண்டல் சுமார் 2.5 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். கேபிளும் காயிலும் சேர்ந்த மின்தேக்குதிறன் 500 பிகோஃபாரட் என்றால் ஒத்ததிர்வு 4,500 ஹெர்ட்ஸ் அருகே விழும். அதுவே 1,000 பிகோஃபாரட் ஆனால் 3,200 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கிட்டார் கேபிள்கள் பலவற்றில் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் இருக்கும். அதாவது நான்கு மீட்டர் கேபிளுக்கும் ஒன்பது மீட்டர் கேபிளுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு. இரண்டு பிக்கப்களுக்கு இடையே கேட்கும் வித்தியாசத்துக்கு நிகரான மாற்றத்தை, எதையும் கழற்றாமல், கேபிளைக் குறைத்தே கேட்டுவிடலாம்.

இதைவிடப் பெரிய குற்றவாளி நம் மேடைகளில் உண்டு. தேவாலயத்திலும் திருவிழா இன்னிசைக் குழுவிலும் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி மேடையிலும் கிட்டார் பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல் நேரே மிக்சருக்குப் போகிறது. கிட்டாரின் பிக்கப் 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம், அளவுள்ள உள்ளீட்டை எதிர்பார்க்கிறது. மிக்சரின் சாதாரண லைன் உள்ளீடு 10,000 அல்லது 20,000 ஓம் அளவில்தான் இருக்கும். மேலே சொன்ன காயில், 3,000 ஹெர்ட்ஸில் 47,000 ஓம் அளவுக்குத் தடை காட்டும். 10,000 ஓம் உள்ளீட்டில் செருகினால் அந்த அதிர்வெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு ஒலிதான் மிஞ்சும். கீழ்ச்சுரங்களில் பாதிக்கு மேல் மிஞ்சும். ஒலி மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதற்கு இதுதான் காரணம். அந்த மேடையில் எந்த பிக்கப்பைப் பொருத்தினாலும் இதே தேய்மானம் நடக்கும். கிட்டாருக்கும் மிக்சருக்கும் இடையே வைக்கும் ஒரு டி.ஐ. பாக்ஸ், அல்லது மிக்சரில் இருந்தால் கிட்டாருக்கென்றே உள்ள ஹை-இசட் உள்ளீடு, அல்லது ஏற்கெனவே கையில் இருக்கும் பஃபர் உள்ள ஒரு பெடல் இந்தக் குறையைத் தீர்க்கும்.

கிட்டாருக்குள்ளேயும் இப்படிப்பட்ட பங்காளிகள் உண்டு. வால்யூம் பாட்டின் (பொடென்ஷியோமீட்டர்) மதிப்பு சிங்கிள் காயிலுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், இரட்டைக் காயில் கொண்ட ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம். மதிப்பு குறைந்தால் மேல்சுரங்கள் மழுங்கும், கூடினால் துலங்கும். ஹம்பக்கர் கிட்டார் மந்தமாக ஒலித்தால் முதலில் பார்க்க வேண்டியது அங்கே 250 கிலோ ஓம் பாட் வைத்திருக்கிறார்களா என்பதை. தந்தியையும் பாருங்கள். பாஸ்பர் பிரான்ஸ் தந்தி அகூஸ்டிக் கிட்டாருக்கானது. அதை எலக்ட்ரிக்கில் கட்டினால் காந்தம் உள்ளிருக்கும் எஃகு இழையை மட்டுமே உணரும். சுற்றுத் தந்திகள் எல்லாம் வலுவிழந்து ஒலிக்கும். எலக்ட்ரிக்குக்கான நிக்கல் பூசிய எஃகுத் தந்தியைப் புதிதாகக் கட்டியதும் "பிக்கப் சரியில்லை" என்ற புகார் பல நேரங்களில் மறைந்துவிடும்.

உயரம், அளவு, காயிலின் நலம்

அடுத்த சோதனைக்கு ஸ்டீல் ஸ்கேலும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போதும். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்பகுதிக்கும் பிக்கப்பின் காந்தத் தலைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ஸ்ட்ராட் வகையில் தடித்த தந்திப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம். ஹம்பக்கரில் பாலத்துக்கு அருகே 1.6, கழுத்துப் பக்கம் 2.4. அங்கிருந்து கால் திருகு, அரைத் திருகாக ஏற்றியும் இறக்கியும் கேட்க வேண்டும். நெருங்கினால் ஒலி உரக்கும், இடைச்சுரங்கள் தடிக்கும். விலகினால் தெளிவு கூடும். அல்னிகோ காந்தமே தலையாக நிற்கும் சிங்கிள் காயில் மிக நெருங்கினால் காந்தம் தந்தியைத் தன் பக்கம் இழுக்கும். அப்போது மேல் ஃப்ரெட்களில் சுருதி சேராமல் அலையும், நாதமும் சீக்கிரம் அடங்கும். புதுக் கிட்டாரில் "சஸ்டெயின் இல்லை" என்று சொல்வோர் முதலில் பிக்கப்பை இறக்கிப் பார்க்க வேண்டும். கடையிலிருந்து வரும் கிட்டாரில் இந்த உயரம் உங்கள் தந்திக்கும் கைக்கும் ஏற்ப அமைந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

காயில் உயிரோடு இருக்கிறதா என்பதை மல்டிமீட்டர் சொல்லும். கேபிளைக் கிட்டாரில் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, மறுமுனையின் நுனியிலும் உறையிலும் மீட்டரை வைத்து, ஒவ்வொரு பிக்கப்பாகத் தேர்ந்து ஓம் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராட் வகை 5.5 முதல் 7 கிலோ ஓம், பழைய பாணி ஹம்பக்கர் 7 முதல் 9, அதிகச் சுற்றுள்ள ஹம்பக்கர் 12-க்கு மேல் காட்டும். காயில் அறுந்திருந்தால் மீட்டர் பாட்டின் மதிப்பை, அதாவது 250 அல்லது 500 அருகே காட்டும். அந்த பிக்கப்புக்கு வைத்தியம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த எண்ணை ஒலியின் தர எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மெல்லிய கம்பியில் கட்டினால் சுற்று கூடாமலே ஓம் கூடும். வெப்பமும் எண்ணை மாற்றும்: செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறுகிறது. ஓசூரின் குளிர்ந்த காலையில் 6 கிலோ ஓம் காட்டிய பிக்கப், பத்து டிகிரி கூடுதலான கிருஷ்ணகிரி மதியத்தில் 6.23 காட்டும். விளம்பர அட்டையில் உள்ள எண்ணையும் உங்கள் மீட்டரின் எண்ணையும் ஒப்பிட்டுப் புள்ளி இரண்டுக்காக வாங்குவதில் பொருளில்லை.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது

தொழிற்பேட்டையை ஒட்டி வாழ்பவர்கள் பிக்கப்பை மாற்ற நினைப்பதற்கு நியாயமான முதல் காரணம் இரைச்சல். வெல்டிங் செட், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ், மலிவான எல்.இ.டி. விளக்கு, மொபைல் சார்ஜர் எல்லாம் காற்றில் மின்காந்தத் தொல்லையைப் பரப்புகின்றன. எல்லா இரைச்சலும் ஒன்றல்ல. வகை தெரிந்தால் மருந்தும் தெரியும். கிட்டாரைப் பிடித்தபடி மெல்லத் திரும்புங்கள். ஒரு திசையில் உறுமல் கூடி இன்னொரு திசையில் அடங்கினால் அது மின்மாற்றிகளிலிருந்தும் மோட்டார்களிலிருந்தும் வரும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம். சிங்கிள் காயிலின் இயல்பே அதைப் பிடிப்பதுதான். தந்தியைத் தொட்டதும் சடசடப்பு குறைந்தால் தந்தியின் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறது, குழிக்குள் செம்புத்தகடு ஒட்டிக் கவசம் செய்வதுதான் பாக்கி. தொட்டாலும் எதுவும் மாறவில்லை என்றால் பாலத்துக்குப் போகும் எர்த் கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆம்பின் பிளக்கில் மூன்றாவது முள் உண்மையிலேயே எர்த்தைச் சேர்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். இரைச்சலை அடக்குவதற்காக எர்த்தைத் துண்டிப்பது உயிருக்கே ஆபத்து. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

பேட்டரியில் ஓடும் சிறு ஆம்பை எடுத்துக்கொண்டு கட்டடங்களை விட்டு விலகிய வெளியில் அதே கிட்டாரை வாசித்துப் பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. அங்கே அமைதியாக இருந்தால் கிட்டார் நலமாக இருக்கிறது, இடம்தான் பிரச்சினை. மூன்று பிக்கப் உள்ள கிட்டாரில் நடு பிக்கப்பின் மேல் திசைகாட்டியை வைத்துப் பாருங்கள். மற்ற இரண்டுக்கும் எதிராக முள் திரும்பினால், அது எதிர்த்திசையில் சுற்றிய காயிலாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அப்போது சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் உறுமல் தானாகவே ரத்தாகும். கவசம், எர்த், இந்த இரு நிலைகள் எல்லாவற்றையும் பயன்படுத்திய பிறகும், நீங்கள் அன்றாடம் வாசிக்கும் அறையில் முதல் வகை உறுமல் பொறுக்க முடியாததாக இருந்தால், உறுமலை ரத்து செய்யும் இரட்டைக் காயில் பிக்கப்புக்கு மாறுவது சரியான முடிவு. கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955-இல் ஹம்பக்கரை உருவாக்கியது இந்த ஒரே தொல்லையைத் தீர்க்கத்தான். குறை தெளிவாக இருந்ததால் தீர்வும் தெளிவாக அமைந்தது.

எதிர்வாதங்கள்

"விலை குறைந்த கிட்டாரில் செராமிக் காந்தம் போடுகிறார்கள்; அல்னிகோ போட்டால்தான் உண்மையான ஒலி" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். முதல் பாதி பெரும்பாலும் உண்மை. ஸ்குவையரின் அஃபினிட்டி வரிசையில் செராமிக்கும், அதைவிட விலை கூடிய கிளாசிக் வைப் வரிசையில் அல்னிகோவும் இருக்கின்றன. இரண்டாம் பாதி நிற்காது. மாற்று பிக்கப் என்ற வணிகத்தையே தொடங்கிவைத்ததாகக் கருதப்படும் டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன், 1970-களின் தொடக்கத்தில் வந்தது, செராமிக் காந்தம் கொண்டது. அதைப் பொருத்த மக்கள் தங்கள் அல்னிகோ பிக்கப்களைக் கழற்றினார்கள். அதன் தேவை எங்கே பிறந்தது என்பதும் நமக்குப் பாடம். அக்கால வால்வு ஆம்ப்களைத் திணறவைத்து டிஸ்டார்ஷன் வரவழைக்க வலுவான சிக்னல் வேண்டியிருந்தது. இன்று எந்தச் சிறிய பெடலும் டிஜிட்டல் ஆம்பும் அந்த வலுவை ஒரு குமிழைத் திருப்பினாலே தருகின்றன. ஆகவே "அவுட்புட் போதவில்லை" என்பது மட்டுமே உங்கள் புகார் என்றால், அதற்கு இன்று பிக்கப் தேவையில்லை.

"காணொளிகளில் வித்தியாசம் தெளிவாகக் கேட்கிறதே" என்பது அடுத்த வாதம். வித்தியாசம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் உரக்க ஒலிப்பதையே மேலானது என்று காது எடுத்துக்கொள்ளும். ஒலியளவைச் சமன்செய்யாத ஒப்பீட்டில் சுற்று அதிகமுள்ள பிக்கப் பெரும்பாலும் வென்றுவிடும். பழைய பிக்கப்பை ஆறு மாதத் தந்தியோடு பதிவு செய்து, புதியதைப் புதுத் தந்தியோடு பதிவு செய்தால் கேட்பது தந்தியின் வித்தியாசத்தையும் சேர்த்துத்தான். உங்கள் கிட்டாரிலேயே இதைச் சோதிக்கலாம்: பிக்கப்பை அரைத் திருகு உயர்த்தி, ஆம்பின் ஒலியளவைக் குறைத்துச் சமன்செய்து மறுபடி கேளுங்கள். முதலில் பிரமாதமாகத் தோன்றிய மாற்றத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு வாதம் வரும்: "எல்லாவற்றையும் ஈக்வலைசரில் சரிசெய்யலாம், பிக்கப்பைத் தொடவே வேண்டாம்." இதுவும் மிகை. ஈக்வலைசர் உள்ளே வந்த ஒலியைக் கூட்டிக் குறைக்கும். அறுந்த காயிலை இணைக்காது, உறுமலையும் இசையையும் பிரிக்காது, ஒரு தந்தி மட்டும் பலவீனமாக ஒலிப்பதையும் தீர்க்காது. மேடையில் ஒலி கூடியதும் கீச்சென்று கத்தும் பிக்கப்பையும் அது குணப்படுத்தாது: அங்கே காயில் சுற்றுகளோ மூடியோ தளர்ந்து அதிர்கின்றன. உருக்கிய மெழுகில் சுமார் 65 டிகிரியில் ஊறவைத்தால் அது அடங்கும். வெப்பம் அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். மெழுகைத் தீயில் நேரடியாக வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே உருக்க வேண்டும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

மாற்றுவதற்குத் தகுந்த காரணங்கள் நான்கு: காயில் அறுந்தது, இடத்தின் உறுமல் தீராதது, வாசிக்கும் இசை வேறொரு அமைப்பைக் கேட்பது, மேலே சொன்ன சோதனைகள் முடிந்த பின்னும் ஒலியின் குணமே உங்கள் இசைக்கு ஒவ்வாமல் இருப்பது. மூன்றாவது காரணத்துக்குக் கர்நாடக இசை நல்ல உதாரணம். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் வாசிப்பவருக்கு, தனித்தனித் தலையுள்ள பிக்கப்பில் தந்தி ஒரு தலையை விட்டு விலகும்போது ஒலி சற்றே இறங்கலாம். குறுக்கே முழுநீளத் தகடு ஓடும் ரெயில் வகை பிக்கப் அந்த இறக்கத்தைத் தவிர்க்கும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், இரட்டைத் தந்திகள் கொண்ட வழக்கமான மாண்டலினை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினில் வாசித்தார். இசைக்கு நீளும் நாதமும் கமகமும் தேவை என்பது முதலில். கருவியின் மாற்றம் அதற்குப் பின். கிட்டாரிலும் வரிசை இதுவே.

காயில் அறுந்ததற்குப் புதியது வாங்கத்தான் வேண்டுமா? இந்த வட்டாரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடைகள் நிறைய உண்டு. அவர்களிடம் திறமையும் உண்டு. ஆனால் பிக்கப் கம்பி மோட்டார் கம்பியைவிடப் பலமடங்கு மெல்லியது. புத்தகங்கள் சொல்லும் 42 கேஜ் அமெரிக்க அளவு. அதன் தடிமன் 0.063 மில்லிமீட்டர். நம் கடைகளில் வழங்கும் எஸ்.டபிள்யூ.ஜி. அளவில் 42 என்று கேட்டால் 0.1 மில்லிமீட்டர் கம்பி கிடைக்கும். அது சட்டத்துக்குள் அடங்காது. 46 என்று கேட்க வேண்டும், மைக்ரோமீட்டரில் அளந்து வாங்க வேண்டும். இழுவிசையைக் கட்டுப்படுத்தி இவ்வளவு மெல்லிய கம்பியைச் சுற்றும் இயந்திரம் இல்லாதவரிடம் கொடுக்காதீர்கள்.

வாங்கப் போகுமுன் நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பாலத்தில் முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் உள்ள தூரம் முதலாவது. ஹம்பக்கர்கள் சுமார் 50, சுமார் 53 மில்லிமீட்டர் என இரு இடைவெளிகளில் வருகின்றன. குழியின் ஆழம், மூடியின் நீளம் அகலம், பாட் துளையின் விட்டம் மற்றவை. ஆசியத் தயாரிப்புக் கிட்டார்களின் துளை பெரும்பாலும் 8 மில்லிமீட்டர். அமெரிக்க பாட்களுக்கு 9.5 வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஹம்பக்கரை இன்னொன்றோடு சேர்க்கும்போது கம்பி நிறங்களை நம்பாதீர்கள்: சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னல், டிமார்சியோவில் சிவப்பு சிக்னல். மாறிப்போனால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒலி மெலிந்து வற்றிவிடும். பழைய பிக்கப்பின் கம்பியைக் குட்டையாக வெட்டாமல், சால்டரை உருக்கி எடுத்து, பெயரெழுதிப் பத்திரப்படுத்துங்கள்; கிட்டாரை விற்கும் நாளில் அதைத் திரும்பப் பொருத்திவிட்டு, புதியதை அடுத்த கிட்டாருக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது கிட்டாரை. கழுத்து நேராக நிற்கிறதா, ஃப்ரெட்கள் சமமாக இருக்கின்றனவா, டியூனிங் ஒரு பாட்டு முழுக்க நிற்கிறதா, கைக்கு இணங்குகிறதா? இவற்றுக்கு ஆம் என்றால் அது பல ஆண்டுகள் உங்களோடு இருக்கப்போகும் கருவி; விலை குறைந்ததானாலும் நல்ல பிக்கப்புக்குத் தகுதியானது. இல்லை என்றால் அதே பணத்தை ஃப்ரெட் வேலைக்கோ, அடுத்த கிட்டாருக்கான சேமிப்புக்கோ திருப்புங்கள். பெங்களூருக்குப் போகும்போது பணத்தோடு உங்கள் கிட்டாரையும் எடுத்துச் செல்லுங்கள். கடையில் உள்ள நல்ல ஆம்பில், குட்டைக் கேபிளில், உங்கள் பாட்டையே வாசியுங்கள். அங்கே அந்தக் குறை கேட்கவில்லை என்றால் உங்களுக்குத் தேவை வேறு ஆம்ப் அல்லது வேறு இணைப்பு. அங்கேயும் அதே குறை அதே வாக்கியமாகக் கேட்டால், அந்த வாக்கியத்தைக் கடைக்காரரிடம் சொல்லி, அதைத் தீர்க்கும் பிக்கப்பைக் கேட்டு வாங்குங்கள்.